51 எழுத்து, ஒரே வார்த்தை: டேனிஷ்காரர்கள் இதை எப்படித்தான் படிக்கிறார்கள்?

'ஸ்பெஷல்லேயபிராக்ஸிஸ்பிளான்லெக்னிங்ஸ்ஸ்டாபிலிசேரிங்ஸ்பெரியோத.' கீபோர்டில் பூனை நடந்துபோனது போல இருக்கிறதா? டென்மார்க்கில் இது ஒரே வார்த்தை. டேனிஷ் எழுத்தில் எண்ணினால் 51 எழுத்து. சிறப்பு மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கான திட்டமிடலை நிலைப்படுத்தும் காலகட்டம் என்று அர்த்தம். நீளத்துக்கு உதாரணம் காட்டவே இதை அதிகம் எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். சிறப்பு, மருத்துவர், கிளினிக், திட்டமிடல், நிலைப்படுத்தல், காலம்: ஆறு துண்டு, அவ்வளவுதான். நடுவில் இரண்டு இடங்களில் வரும் 'ஸ்' ஒலிக்குத் தனி அர்த்தம் கிடையாது. ஒட்டவைக்கும் பசை அது. எப்போதும் முந்தைய துண்டோடு சேரும்.

சரி, வாயால் சொல்லும்போது? பொதுவான விதி ஒன்றுதான்: முதல் துண்டுக்கே முழு அழுத்தம், பின்னால் வருபவை கொஞ்சம் அடங்கி ஒலிக்கும். முதல் துண்டு என்றால் முதல் அசை என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கில 'ஸ்பெஷல்' முதல் அசையில் அழுத்தம் பெறும். டேனிஷில் 'ஷல்' மேல்தான் விழும்.

இதைத் தவறவிட்டால் அர்த்தமே மாறும். 'டான்ஸ்க்' என்றால் டேனிஷ், 'லேரர்' என்றால் ஆசிரியர். சேர்த்து எழுதி, 'டான்ஸ்க்' மீது மட்டும் அழுத்திச் சொன்னால் டேனிஷ் பாடம் நடத்துபவர். இடைவெளி விட்டு எழுதி, 'லேரர்' மீதும் முழு அழுத்தம் கொடுத்தால் டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர். அவர் கணக்கு வாத்தியாராகவும் இருக்கலாம்! வேலை விளம்பரத்தில் ஒரு ஸ்பேஸ் தப்பினால் யாரைத் தேடுகிறார்கள் என்பதே குழம்பிவிடும். ஆங்கிலத்தில் 'கிரீன்ஹவுஸ்' செடி வளர்க்கும் கூடாரம், 'கிரீன் ஹவுஸ்' பச்சை வீடு ஆகிறதே, அதே கதை.

மொபைல் திரையில் வார்த்தையை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்போதும் இதே சிக்கல்தான். உடைக்க வேண்டியது துண்டுகள் சேரும் இடத்தில். 'கோர்சாங்கரின' என்பதை 'கோர்', 'சாங்கரின' என்று பிரித்தால் சேர்ந்திசைக் குழுப் பாடகி. ஒரு எழுத்து தள்ளிப் பிரித்தால் 'கோர்ஸ்', அதாவது சிலுவை, முன்னால் வந்து நிற்கும். பின்னால் 'ஆங்கர்', அதாவது மனவருத்தம், எட்டிப்பார்க்கும். பாட்டு காணாமல்போய்விடும்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு, முக்கியமாக ஊர்ப் பெயர்களில். வணிகர் துறைமுகம் என்ற பொருளில் பிறந்த கோபன்ஹேகனின் டேனிஷ் பெயர் 'கொபன்ஹவ்ன்'. அதில் அழுத்தம் முதல் துண்டில் இல்லை. கடைசியில், 'ஹவ்ன்' மீது விழுகிறது.