ஆகச் சக்தியான மருந்துதான் சரியான மருந்தா?



எங்கள் வீட்டில் ஒருவர் வைத்தியசாலையில் கடும் வருத்தமாகக் கிடந்தால் நாங்கள் வைத்தியரிடம் என்ன கேட்போம்? "இருக்கிறதுக்குள்ளை ஆகச் சக்தியான மருந்தைக் கொடுங்கோ" என்றுதான். அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் ஆகச் சக்தியான மருந்து எப்போதும் சரியான மருந்தாகிவிடாது. அதற்கு உதாரணமாக ஒரு கிருமியைப் பற்றி இம்மாதம் பார்ப்போம். நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். வாசித்து அறிந்ததையே சொல்கிறேன்.

ஸ்ரெனோட்ரோபோமோனாஸ் மல்ரோபிலியா என்பது அதன் பெயர். பெயர் நீளமானாலும், இது மண்ணிலும் நீரிலும் செடிகளின் வேர்களிலும் சாதாரணமாக வாழும் ஒரு பக்ரீரியாதான். நல்ல உடல்நலம் உள்ளவரை இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வைத்தியசாலைகளில் தண்ணீர்க் குழாய்கள், கை கழுவும் தொட்டிகள், சுவாச இயந்திரத்தின் ஈரமான குழாய்கள் முதலியவற்றில் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆபத்து யாருக்கு? அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட நாள் இருப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், நாட்பட்ட நுரையீரல் நோயாளர்கள் ஆகியோருக்கு. தொண்டைக்குள் குழாய் இருந்தால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. கிருமி நுரையீரலுக்குள் இறங்க அது வழியாகிவிடும். குழாய் பொருத்தி 48 மணித்தியாலங்களுக்குப் பின் தொடங்கும் நியூமோனியாவை வைத்தியர்கள் சுவாச இயந்திரத்தோடு தொடர்புள்ளதாகக் கணிக்கிறார்கள்.

மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் வகை மருந்துகள், மற்றவை பலிக்காதபோது கையிலெடுக்கும் பலமான அன்ரிபயோட்டிக்குகள். இந்தக் கிருமியிடமோ அவற்றை உடைக்கும் நொதியம் இயல்பாகவே இருக்கிறது. வேறு பல மருந்துகளையும் தன் கலத்துக்குள் தங்கவிடாமல் வெளியே தள்ளிவிடும். இதைவிட இன்னொரு சங்கடமும் உண்டு. பலமான மருந்து உடம்பிலுள்ள மற்றக் கிருமிகளை, தீங்கற்றவற்றையும் சேர்த்து, அழித்துவிடுகிறது. ஆளில்லாத வளவில் பற்றை மண்டுவதுபோல, வெறுமையான இடத்தில் இது பெருகும். கார்பபெனெம் மருந்தை நீண்ட நாள் பெற்றவர்களுக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்புக் கூடுவது இதனால்தான்.

அப்படியானால் எது பலிக்கும்? 1960களின் பிற்பகுதியிலிருந்து பாவனையில் உள்ள, விலை குறைந்த கோ-ட்ரைமொக்ஸசோல் என்ற மருந்துதான் நெடுங்காலமாக இதற்கு முதல் தெரிவு. இப்போது மினோசைக்ளின், லெவோபுளொக்சசின், புதிதாக வந்த செபிடெரோகோல் என்பனவும் உள்ளன. கடுமையான தொற்றுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. கோ-ட்ரைமொக்ஸசோலில் சல்பா கலந்திருப்பதால், நோயாளருக்குச் சல்பா ஒத்துவராது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சளிப் பரிசோதனையின் முழு முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அதில் இக்கிருமி இருந்தாலும், அது நோயைத் தராமல் வெறுமனே தங்கியிருக்கவும் கூடும். ஆகவே "கிருமி இருக்கிறது, ஏன் மருந்து தரவில்லை?" என்று பதறத் தேவையில்லை. மொழி தடையானால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டுப் பெறுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தச் சுமையை ஏற்றாதீர்கள். கேட்க வேண்டியவை மூன்று: என்ன கிருமி? பரிசோதனைப்படி எந்த மருந்துக்கு அது அடங்கும்? சுவாசக் குழாயை எப்போது எடுக்கலாம்?

பார்க்கப் போகும் நாங்களும் சிலவற்றைக் கவனிக்கலாம்.

• நோயாளரைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் அங்கு வைத்திருக்கும் கிருமிநீக்கித் திரவத்தைக் கைகளில் பூசுங்கள்.

• மிஞ்சிய தேநீரையோ பழச்சாற்றையோ கை கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். வடிகாலில் உள்ள கிருமிகளுக்கு அது தீனி.

• கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்தால் பதிக்காதீர்கள். வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போகாமலிருக்கவே அப்படி வைக்கிறார்கள்.

• தாதியைக் கேட்காமல் வாயில் தண்ணீர் விடாதீர்கள்.

• வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசைகளை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இனி வைத்தியரிடம், "ஆகச் சக்தியான மருந்து எது?" என்பதற்குப் பதிலாக, "இவருக்கு வந்திருக்கும் கிருமிக்குப் பொருத்தமான மருந்து எது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் பரிசோதனைக்கூடத்தால் பதில் சொல்ல முடியும்.