காத்திருக்கும் கணினி

சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களுக்கான தனி முனையம் 1983ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. அதன்பின், எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வழியாக இராயபுரம் நோக்கி வரும் கடற்கரைச் சாலையில் பெட்டக லாரிகள் நெடுவரிசையில் நிற்பது வடசென்னை மக்களுக்குப் பழகிய காட்சியாயிற்று. லாரியின் பொறி எவ்வளவு ஆற்றல் உடையதாயினும், துறைமுக வாயில் வழிவிட்டால்தான் அது நகரும். பத்தாண்டுப் பழமையுடைய மேசைக் கணினி ஒன்று தடுமாறுவதற்கும் பெரும்பாலும் இத்தகைய காத்திருப்பே காரணம். அதன் மையச் செயலகம் இன்னும் வேலைக்குத் தகுதியானதே. அதற்குத் தரவுகளை எடுத்துத்தரும் வன்தட்டுதான் வரிசையை உண்டாக்குகிறது.

உலகின் முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டு வெளியிட்டது. 50 வட்டத் தட்டுகளைக் கொண்ட அப்பெரும்பொறியில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே சேமிக்க முடிந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படத்தைக்கூட அதில் அடக்குவது கடினம். கொள்ளளவு பல இலட்சம் மடங்கு பெருகியபோதும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்கிறது. ஒரு சிறு முனை அதன்மேல் நகர்ந்து உரிய இடத்தைத் தேடிப் படிக்கிறது.

இத்தேடலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மேசைக் கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடிக்குச் சற்று மிகுதியாகும். வேண்டிய தரவு முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச்சுற்று, ஏறத்தாழ 4 மில்லி நொடி, காத்திருக்க வேண்டும். முனை நகர்வதற்கு மேலும் 9 மில்லி நொடி அளவு ஆகும். ஆக, நொடியொன்றுக்கு எழுபது எண்பது தேடல்களுக்குமேல் இயலாது. கணினி தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கிறது. திரையின் முன் நாம் பொறுமை இழப்பது அப்போதுதான்.

கடைகளில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டில் சுழலும் தட்டோ நகரும் முனையோ இல்லை. மின்சில்லுகளில் உள்ள தரவை அது ஏறத்தாழ 0.1 மில்லி நொடியில் எடுத்துத்தரும். வன்தட்டு ஒருமுறை தேடும் நேரத்தில் இது நூறுமுறைக்குமேல் தேடி முடித்துவிடும். ஒரு பெரிய திரைப்படக் கோப்பைப் படியெடுக்கையில் இரண்டுக்கும் மூன்று நான்கு மடங்கு வேறுபாடே காணப்படும். சிறு கோப்புகளில்தான் உண்மையான வேறுபாடு. பழைய தாய்ப்பலகையின் சாட்டா இணைப்பு, புதிய வட்டின் முழு வேகத்தைத் தாங்காது என்பது உண்மையே. ஆயினும் தேடலில் கிடைக்கும் பயனை அது பெரிதும் குறைப்பதில்லை; ஆகவே அதனைக் காரணங்காட்டிக் கணினியைக் கழிக்க வேண்டியதில்லை. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே இருப்பின் அதையும் சேர்த்துக் கூட்டுவது நலம்.

மாற்றும் முறை எளிது. மின்னிணைப்பை முற்றிலும் நீக்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிய பின்னரே கை வைக்க வேண்டும். புதிய வட்டு 2.5 அங்குலமும் பழைய வட்டின் இடம் 3.5 அங்குலமும் ஆதலால் சிறு தாங்கி தேவைப்படும். பழைய வட்டை அப்படியே படியெடுப்பதைவிட, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே நன்று. பல்லாண்டுக் குப்பை உடன் வராது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிவடைந்தது. விண்டோஸ் 11இன் நிபந்தனைகளைப் பழைய கணினிகள் பல நிறைவுசெய்வதில்லை. அவற்றுக்கு லினக்ஸ் உண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழிலும் பணிபுரியலாம்.

கழற்றிய வன்தட்டைப் பற்றியும் எண்ண வேண்டும். திருவொற்றியூர்த் தேரடியில் தட்டச்சும் நகலெடுப்பும் செய்யும் சிறு கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். மீனவர் ஒருவரின் ஆதார் அட்டை, ஆலைத் தொழிலாளியின் வங்கிக் கணக்குப் புத்தகம், உங்களைப் போன்ற மாணவரின் மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றின் படிகள் அவ்வட்டில் கிடக்கும். கோப்பை நீக்கினால் அது அழிந்துவிடுவதில்லை. நூலின் பொருளடக்கத்தைக் கிழித்தாலும் உள்ளே இயல்கள் இருப்பதுபோல, தரவு தட்டிலேயே தங்கியிருக்கும். எளிய மென்பொருளால் அதனை மீட்டுவிடலாம். எனவே வட்டு முழுவதும் வேறு தரவை எழுதி நிரப்பிய பிறகே, பதிவுபெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் அதனை ஒப்படைக்க வேண்டும். எடைக்குப் போடுவது, பிறர் நம்பித் தந்த ஆவணங்களையும் சேர்த்து எடைக்குப் போடுவதாகும்.

ஆனால் அதற்கு அவசரம் வேண்டாம். புதிய வட்டு சரியாக இயங்குகிறது என உறுதிப்படும் வரை பழையதை உறையிலிட்டுப் பாதுகாக்கலாம். வன்தட்டு பழுதடையுமுன் பலவேளை கடகடவென ஒலித்து எச்சரிக்கும். திண்மநிலை வட்டோ ஓசையின்றித் திடீரென நின்றுவிடக்கூடும். உப்புக்காற்று இரண்டின் இணைப்புமுனைகளையும் அரிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய இடங்களில் கணினிப் பெட்டியைத் தரையில் வைக்காது மேசைமேல் வைப்பதும், காப்புநகலை வேறொரு வீட்டில் வைப்பதும் வட்டை மாற்றும் வேலையைச் சேர்ந்தவையே.