கொரிய நண்பருக்குப் புத்தாண்டு வாழ்த்து

கொரியரோடு பணிபுரியும் நம்மவர், சந்திரமானப் புத்தாண்டன்று அவர்களுக்குச் 'சீனப் புத்தாண்டு வாழ்த்து' எனக் கூறிவிடலாகாது. அவர்கள் அந்நாளைச் 'சொல்லால்' என்பர். அப்பெயர் எளிதில் நிலைபெற்றதன்று. தென்கொரியாவில் 1985ஆம் ஆண்டு 'நாட்டார் தினம்' என்ற பெயரில் ஒருநாள் விடுமுறையே கிடைத்தது. 1989இல்தான் பழம்பெயர் மீண்டது. விடுமுறையும் மூன்று நாளாயிற்று.

அன்று காலை சிறியோர் பெரியோரை நிலந்தோய வணங்குவர். பெரியோர் பணம் வழங்குவர். நமது கைவிசேடம் நினைவுக்கு வருகின்றதன்றோ? அரிசிமா வில்லைகள் இட்ட 'தொக்குக்' என்னும் சூப்பையும் உண்பர்.

வாழ்த்த விரும்புவோர் 'சேஹே பொக் மானி பாதுசேயோ' என்க. 'புத்தாண்டில் நற்பேறு நிரம்பப் பெறுக' என்பது அதன் பொருள். சனவரி முதல் நாளுக்கும் இதுவே பொருந்தும்.

ஒருவர் திருநாளை அவர் இட்ட பெயராலேயே அழைப்பது பண்பு. சொல்லால் நாளில் நண்பரைச் சொல்லால் மகிழ்விப்போமாக!