கொழும்பிலே வேடிக்கை பார்ப்போம்

கொழும்பு பார்க்க வருவோர் நூதனசாலையையும் தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகின்றனர். கொழும்பின் மனிதரைப் பார்த்துச் செல்வோர் மிகச் சிலரே. அதற்குக் கட்டணமும் இல்லை. உட்கார இடமும் சிறிது பொறுமையும் இருந்தாற் போதும்.

மாலையானதும் காலிமுகத்திடலுக்குப் போவோம். இங்குள்ள கடலோர நடைபாதையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பின் பெண்மணிகளினதும் குழந்தைகளினதும் நலன்கருதி இதனைத் தமக்குப் பின்வருவோரிடம் ஒப்படைப்பதாகக் கல்லிலும் பொறித்துவைத்தார். கடலைப் பார்த்து உட்காருவது புதியவர் செய்யும் பிழை. கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரவேண்டும். பட்டம் விற்பவர், இறால் வடைக்காரர், அலைக்கு அஞ்சி ஓடும் பிள்ளையிலும் பார்க்க அதிகமாக அஞ்சும் தாய் என்று எல்லோரும் நம் முன்னே வருவர். மழையுமின்றி வெயிலுமின்றி ஒரு குடைக்குள் இருவர் இருப்பதையும் காணலாம். அந்தப் பக்கம் நாம் பார்ப்பதில்லை. 2022 இல் மக்கள் மாதக்கணக்காகக் கூடாரமிட்டிருந்ததும் இதே திடலிற்றான்.

செவ்வாய்க்கிழமைகளிற் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் சகல மதத்தவரும் மெழுகுதிரியுடன் வருவர். ஆனால், 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டுவெடித்த இடம் அது. கண்ணீருடன் நிற்போரை வேடிக்கை பார்ப்பது அழகன்று. ஆதலால் நாமும் வணங்கிவிட்டு அப்பாற் செல்வோம்.

நமக்கு மிகவும் பிடித்த இடம் கோட்டைப் புகையிரத நிலையந்தான். வாயிலில் நிற்கும் ஒல்கொட் சிலையருகே காத்திருப்போரின் முகங்களைக் கொண்டே, வரவிருப்பவர் மாமியாரா மகனா என்று சொல்லிவிடலாம். 1956 இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி, 1990 இல் யுத்தத்தால் யாழ்ப்பாணம் செல்லாது தடைப்பட்டு, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. அதன்பின் சில வாரங்கள் கழித்து ஒருநாள் நாம் மேடையிலே உட்கார்ந்திருந்தோம். வண்டி வந்தது. வேட்டியும் திருநீறுமாக ஒரு முதியவர் பனையோலை உமலுடன் இறங்கி அங்குமிங்கும் பார்த்தார். சாரமுடுத்த இன்னொரு முதியவர், கையிலொரு பழைய புகைப்படத்துடன் வருவோர் முகங்களையெல்லாம் அதனோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்திலோ இரு வாலிபர்கள்! இருவரும் ஒருவரையொருவர் இருமுறை கடந்து சென்றனர்.

வேடிக்கை பார்ப்பவன் வாய் திறக்கக்கூடாது என்பது நமது விதி. கூட்டம் கலைந்தது. உமற்காரர் வெளிவாயிலை நோக்கி நடக்கத் தொடங்கினார். நம்மால் இருக்க முடியவில்லை. எழுந்தோடி, "மாத்தயா, அதோ போகிறவரைப் பாருங்கள்!" என்றோம்.

அவர் படத்தைப் பார்த்தார், போகிறவரைப் பார்த்தார். பின்னர், "மச்சான்!" என்று ஒரு குரல் எழுந்தது. இரு மொழிக்கும் பொதுவான சொல்லாகையால் யார் முதலில் அழைத்தார் என்று நாம் அறியோம். ஒரே கந்தோரில் வேலை பார்த்து, 1983 இற் பிரிந்தவர்களாம். அதற்குமேல் நாம் கேட்கவில்லை. அவர்கள் சொல்லும் நிலையிலும் இல்லை.

உமலினுள்ளே பனங்கட்டிக் குட்டான்கள் இருந்தன. அதை யார் தூக்குவது என்று இருவரும் வாதாடியபடியே வாயிலைத் தாண்டிச் சென்றனர்.