சாட்சிக் கூண்டில் ஏற முடியாதவர்கள்

ஈப்போ நகரின் நடுவே, மாநிலப் பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான ஜே.டபிள்யூ.டபிள்யூ. பெர்ச்சின் நினைவாக 1909இல் கட்டப்பட்டது அது. அதையொட்டிய சாலைக்கு இன்று டத்தோ சாகோரின் பெயர். பெர்ச்சின் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் அவர். புந்தோங்கிலிருந்து பட்டணத்துக்குப் போய்வரும் நம்மில் பலர் இவ்விரு பெயர்களையும் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் படித்தவர்கள்தாம். அதே காலத்தில், இதே மாநிலத்தில் பெயர் தெரியாமல் கொல்லப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நீதி ஏன் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பெர்ச் 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வரவழைக்கப்பட்டன. 1877 ஜனவரி 20ஆம் நாள் டத்தோ மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் தூக்கிலிடப்பட்டனர். சுல்தான் அப்துல்லா சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஓர் உயிருக்காக ஒரு பேரரசே எழுந்து வந்தது. கொலைக்கும் தூக்குக்கும் இடையே 15 மாதங்கள்கூட ஆகவில்லை.

மலையில் நடந்தது

கிந்தா பள்ளத்தாக்கின் கிழக்கே நீளும் தித்திவங்சா மலைத்தொடரில் செமாய், தெமியார் ஆகிய ஓராங் அஸ்லி மக்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். 19ஆம் நூற்றாண்டில் அடிமை பிடிப்போர் இவர்களைத் தேடி மலையேறினர். குடியிருப்புகளைச் சூழ்ந்து தாக்குவர். எதிர்க்கும் ஆண்களைக் கொல்வர். பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துச் செல்வர். புதிய வாழ்க்கைக்கு எளிதில் பழக்கிவிடலாம் என்பதால் குழந்தைகளையே அதிகம் விரும்பினர். முஸ்லிமை அடிமையாக்கக் கூடாது என்ற தடை இருந்தது. இம்மலைவாசிகள் முஸ்லிம்கள் அல்லர் என்பதால் அத்தடை அவர்களைக் காக்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் யாரிடம் முறையிடுவது? நீதி வழங்க வேண்டிய பிரமுகர்களின் வீடுகளிலேயே அடிமைகள் இருந்தார்கள். பெர்ச்சின் மீது பிரமுகர்கள் கொண்ட கோபத்துக்கு வரிவசூலில் அவர் செய்த மாற்றங்களும், தப்பி வந்த அடிமைகளுக்கு அவர் இடம் கொடுத்ததும் முக்கியக் காரணங்கள். பின்னர் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோவின் காலத்தில், 1880களில், அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. ஆனால், அச்சம் முடியவில்லை. செமாய் மக்கள் சண்டைக்கு நிற்காமல் விலகி ஓடும் அமைதிக் குணத்தினர் என்று உலகமெங்கும் எழுதப்பட்டது. அக்குணத்தை வளர்த்ததில் இந்த வேட்டைகளுக்கும் பங்குண்டு என்கிறார் அவர்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் டென்டன்.

செரோக்கியர் கதை

இது பேராக்குக்கு மட்டும் உரிய கதை அன்று. குடியேறிகள் முன்னேறும் எல்லைப்புறங்களில் எல்லாம் இதே நிலைதான். அமெரிக்காவின் செரோக்கியரைப் பாருங்கள். 1785இல் ஹோப்வெல் உடன்படிக்கை கையெழுத்தானது. செரோக்கியருக்கு எதிராகக் குற்றம் செய்யும் வெள்ளையர், தம் சொந்தக் குடிமகனுக்கு எதிராகக் குற்றம் செய்ததைப் போலவே தண்டிக்கப்படுவர் என்று அது வாக்களித்தது. மூன்றே ஆண்டுகளில், 1788இல், ஓல்ட் டாசல் என்ற முதுபெரும் தலைவர் சமாதானக் கொடியின் கீழ்ப் பேச வந்த இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

பிறகு ஜார்ஜியா மாநிலம் செரோக்கியர் நிலத்தின்மீது தன் சட்டங்களை விரித்தது. வெள்ளையர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் செரோக்கியர் சாட்சி சொல்ல முடியாது என்பது அவற்றுள் ஒன்று. வீட்டைக் கொளுத்தியவனைக் கண்ணால் கண்டவருக்கும் நீதிமன்றத்தில் வாய் கிடையாது. தனியாக ஒரு கொலைக்கு அனுமதி தரத் தேவையே இல்லை. சாட்சியின் வாயை அடைத்தால் போதும்.

1832இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், வூஸ்டர் வழக்கில், செரோக்கியர் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜார்ஜியா அதை மதிக்கவில்லை. 1838இல் படை வைத்துச் செரோக்கியரை மேற்கே விரட்டினர். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் இறந்தனர் என்பது பொதுவான கணிப்பு.

தீர்ப்பின் நெடும்பயணம்

பிறந்த மண்ணில் தோற்ற அத்தீர்ப்பு அங்கேயே மடிந்துவிடவில்லை. 1973இல் கனடா உச்சநீதிமன்றம், நிஸ்கா மக்களின் கால்டர் வழக்கில், மார்ஷலின் தீர்ப்புகளை எடுத்து ஆராய்ந்தது. 1996இல் நம் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம், ஆடோங் வழக்கில், கால்டர் தீர்ப்பையும் ஆஸ்திரேலியாவின் மாபோ தீர்ப்பையும் துணைகொண்டது. லிங்கியூ அணைக்காகக் காட்டை இழந்த ஜாகூன் மக்களுக்கு 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு வழங்கச் சொன்னது.

2002இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் இன்னொரு படி முன்னே சென்றது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கிலில் நிலம் இழந்த தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கு அது. அவர்களிடம் பட்டா இல்லை. வாய்வழியாக வந்த வரலாறுதான் இருந்தது. நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. ஜார்ஜியாவில் அடைக்கப்பட்ட வாய், பல தலைமுறைகளுக்குப் பின் இங்கே திறந்தது என்று இதைச் சொல்லலாம்.

போராட்டம் ஓய்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2019இல் பேராக்கின் கெரிக் பகுதியில் தெமியார் மக்கள் மரம் வெட்டுவதைத் தடுக்கத் தடுப்பு அமைத்தார்கள். தடுப்பு உடைக்கப்பட்டது, சிலர் கைதானார்கள். தீர்ப்பு புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஹோப்வெல்லும் சாட்சி, கெரிக்கும் சாட்சி.

நம் பங்கு என்ன?

பட்டணத்திலும் தோட்டப்புறத்திலும் நம்மவர் நாவில் புழங்கிய ஒரு சொல் உண்டு: 'சக்காய்'. அடிமை, அண்டிப் பிழைப்பவன் என்ற பொருள் தோய்ந்த மலாய்ச் சொல் அது. 1960களில் அரசே அதைக் கைவிட்டு 'ஓராங் அஸ்லி' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. 'கிளிங்' என்று யாராவது அழைத்தால் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. கூலி என்ற ஒரே சொல்லுக்குள் நம் பாட்டன்மாரை அடைத்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாம், அடிமை வேட்டையின் கறை படிந்த சொல்லால் இன்னொருவரை எப்படி அழைக்கலாம்?

ஒருவரை மனிதராக எண்ணாத சொல் முதலில் வருகிறது. அவர் பேச்சைக் கேளாத நீதிமன்றம் அதன் பின்னால் வருகிறது. நாளை வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் நிருபராகவும் போகவிருக்கும் மாணவர்களே, நீதிமன்றத்தை மாற்ற நமக்கு நாளாகலாம். அந்தச் சொல்லை இன்றே விட்டுவிடலாம். மலையிலிருந்து ஒரு முதியவர் தம் கதையைச் சொல்ல வரும்போது, அதைச் சாட்சியமாகக் கேட்கும் காதுகள் நம்மிடம் இருக்கட்டும்.