முதல் சீட்டு எந்த ஆஸ்பத்திரியில்?

காலையில் எழுந்ததும் காபி ஃபில்டரைத் திருகிக் கழற்ற முடியாமல் திண்டாடியிருக்கிறீர்களா? 'ராத்திரி ரொம்ப இறுக்கி மூடிவிட்டேன் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை யாரையாவது கூப்பிட்டிருப்பீர்கள். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் புடவைக் கொசுவத்தைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பத்து மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடுகிறது. சரியாகிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை. சரிதானே?

என் மன்னிக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்று. "கிரைண்டரும் வாஷிங் மெஷினும் இருக்கிற வீட்டில் கை வலி எப்படி வரும்?" என்று என் அண்ணா கேட்டான். ஆண்பிள்ளைகள் கேட்கிற கேள்விதான், போகட்டும். தைலம் தேய்த்தார்கள். ஒத்தடம் கொடுத்தார்கள். பிறகு பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று வலி மாத்திரை கொடுத்தார். எலும்பு நன்றாகத்தான் இருந்தது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. மாத்திரை சாப்பிட்ட வரையில் வலி இல்லை. நிறுத்தினதும் வந்துவிட்டது.

இன்னோர் இடத்தில் 'பாக்கேஜ்' என்று ஒரேயடியாக நாற்பது சோதனை செய்தார்கள். யூரிக் அமிலம் கொஞ்சம் அதிகம் என்று வந்தது. உடனே பருப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மன்னி இரண்டு மாதம் சாம்பாரைத் தொடவில்லை. யூரிக் அமிலத்தால் வரும் கௌட் என்ற வாதம் மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு அபூர்வமாகத்தான் வரும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. கல்யாண மோதிரத்தை ஆசாரியிடம் கொடுத்து வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. அன்றைக்கு மன்னி அழுதது வலியால் அல்ல.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் எந்த டாக்டரும் இல்லை. மாடி வீட்டில் சமையல் செய்யும் அம்மாள்! படியில் மன்னியைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காலையிலே எழுந்து எவ்வளவு நேரம் கழிச்சுக் கை மடங்குது?" என்று கேட்டார். ஒரு மணிக்கு மேல் ஆகிறது என்றார் மன்னி. "ரெண்டு கையிலேயும் ஒரே மாதிரியா?" ஆமாம். "அப்ப இது தேய்மானம் இல்லேம்மா. எனக்கு வந்ததுதான். நான் ஆறு வருஷமா பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். பாருங்க" என்று பத்து விரலையும் மடக்கி நீட்டிக் காட்டினார்.

அந்த அம்மாள் கேட்ட கேள்விகளைத்தான் நீங்களும் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். தேய்மான வலி நடந்தால் அதிகமாகும், உட்கார்ந்தால் குறையும். மற்றது நேர்மாறு. தூங்கி எழுந்தால் இறுகிக் கிடக்கும், வேலை செய்யச் செய்ய இளகும். விரல்களின் அடிக்கணுவும் நடுக்கணுவும், மணிக்கட்டும், கால் விரல்களின் அடியும் இரண்டு பக்கமும் வீங்கும். யாராவது கையைக் குலுக்கினால் உயிர் போகும். பாட்டிமார் சரவாங்கி என்று சொன்னது இதைத்தான். இன்றைய பெயர் முடக்கு வாதம், அதாவது ருமட்டாயிட் ஆர்த்ரைட்டிஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைப் பகையென்று நினைத்துத் தாக்குவதால் வருவது. ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பெண்களைத்தான் பிடிக்கிறது. ஆரம்பித்த மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து விழுந்தால் மூட்டுகள் கோணாமல் காப்பாற்றிவிடும் வாய்ப்பு மிக அதிகம். மன்னி அந்த மூன்று மாதத்தைத்தான் தைலத்திலும் பருப்பிலும் தொலைத்தார்.

இதைப் பார்க்கிறவர் ருமட்டாலஜிஸ்ட். எலும்பு டாக்டர் வேறு, இவர் வேறு. எம்.டி. முடித்த பிறகு இதற்கென்றே டி.எம். என்று மூன்று வருஷம் படித்தவர்கள் இவர்கள். சில இடங்களில் போர்டில் 'இம்யூனாலஜி' என்ற சொல்லும் சேர்ந்திருக்கும். பயப்படாதீர்கள், இதே துறைதான்.

எந்த ஆஸ்பத்திரி? எங்கள் வீட்டில் இதற்கு ஒரு மகாநாடே நடந்தது. அண்ணாவுக்கு ஊர்க்கோடியில் இருந்த கண்ணாடி மாளிகை ஆஸ்பத்திரிமேல் கண். வாசலில் நீரூற்று, உள்ளே காபிக் கடை. போன் செய்து நானே கேட்டேன். "ருமட்டாலஜி டாக்டர் இருக்கிறாரா?" "இருக்கிறார் மேடம்." "தினம் வருகிறாரா?" கொஞ்ச நேரம் மௌனம். மாதம் இரண்டு சனிக்கிழமை மட்டும் வருகிறாராம்! நடுவில் மருந்து ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சல் வந்தால் யாரைக் கேட்பது? அதற்கும் பதில் இல்லை. ஆகவே சகோதரிகளே, 'இருக்கிறாரா' என்று கேட்காதீர்கள். 'வாரத்தில் எத்தனை நாள்' என்று கேளுங்கள்.

தூரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். இது ஒரு தரம் போய்விட்டு வரும் சமாசாரம் அல்ல. முதலில் மாதா மாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று வருஷக் கணக்கில் போக வேண்டியது. கால் வீங்கியவளுக்கு இரண்டு பஸ் மாறுவது தண்டனை. லிஃப்ட் இருக்கிறதா, உட்கார நாற்காலி இருக்கிறதா என்பதெல்லாம் சில்லறை விஷயம் இல்லை. காலை எட்டு மணிக்கு நேரம் கொடுத்தால், விரல் மடங்காத வேளையில் எப்படிக் கிளம்புவது? தனியார் இடமானால் பதினொரு மணிக்கு மேல் கேட்டு வாங்குங்கள். ரத்தச் சோதனையும் கண் டாக்டரும் உடற்பயிற்சிப் பிரிவும் அங்கேயே இருந்தால் அலைச்சல் மிச்சம். கண் டாக்டர் எதற்கு என்கிறீர்களா? இந்த நோய்க்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் கண்ணைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரியாஸ்பத்திரி என்றதும் அண்ணா, "தர்மாஸ்பத்திரிக்கா?" என்று முகத்தைச் சுளித்தான். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனை 1664-ல் கோட்டைக்குள் ஆரம்பித்தது. 2011-லிருந்து ராஜீவ் காந்தி பெயரில் இருக்கிறது. அதோடு சேர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்த வாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது, டி.எம். படிப்பும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதே போல் தனித் துறைகள் உண்டு. சொல்லிக்கொடுக்கும் இடமாகையால் ஒருவருக்கு இரண்டு டாக்டர்களாவது பார்ப்பார்கள். பணம் கொடுக்க வேண்டியதில்லை. கூட்டத்தை மட்டும் சகித்துக்கொள்ள வேண்டும். மெட்ரோவில் போனால் லிஃப்டிலேயே மேலே வந்துவிடலாம். ஓ.பி. எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு, கையில் புளியோதரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மன்னி யோசிக்கவே இல்லை. "அந்த அம்மாளோடு போகிறேன்" என்றார். நிஜமாகவே மடங்கிய பத்து விரலைப் பார்த்த பிறகு அவருக்கு நீரூற்று எதற்கு?

போகும்போது எதைக் கொண்டு போவது என்று கேட்பீர்கள். எப்போது ஆரம்பித்தது, முதலில் எந்த விரல் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போகிற அன்றைக்கென்று வீக்கம் வடிந்துவிடும், பல் டாக்டர் வாசலில் பல்வலி நிற்பது போல. அதனால் வீங்கின அன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றையும் காட்டுங்கள்; யாரோ கொடுத்த பெயரில்லாத பொடியாக இருந்தாலும் மறைக்காதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. முடி கொட்டுதல், வாய்ப்புண், வெயிலில் கன்னம் சிவத்தல், கர்ப்பம் கலைந்தது, இதற்கெல்லாம் மூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிடாதீர்கள். லூபஸ் என்ற வேறொரு நோய்க்கு இவைதாம் அடையாளம். சிக்குன்குனியா வந்திருந்தால் சொல்லுங்கள். அது மாதக்கணக்கில் மூட்டை வாட்டும். நகப்பூச்சு வேண்டாம். சோரியாஸிஸால் வரும் வாதத்தை நகத்தில் விழும் குழிகளே காட்டிக் கொடுக்கும்.

சோதனைகளை முன்கூட்டியே செய்துகொண்டு போகாதீர்கள். ஆர்.ஏ. ஃபாக்டர் இருந்தால் நோய் என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் நினைப்பது தப்பு. நோய் இல்லாத சிலருக்கும் அது இருக்கும். நோய் உள்ள பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்காது. ஆன்ட்டி சி.சி.பி. என்ற சோதனை இன்னும் நம்பகமானது. எதைச் செய்வது என்பதை டாக்டர் சொல்லட்டும். நல்ல டாக்டரை எப்படித் தெரிந்துகொள்வது? காகிதத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பிடித்துப் பார்ப்பார். மன்னியின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக அழுத்திப் பார்த்தார் அந்தப் பெண் டாக்டர். எட்டு மாதத்தில் விரலைத் தொட்ட முதல் டாக்டர் அவர்தானாம்.

மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். இதிலே ஒரு சுவாரஸ்யம். இந்த மருந்தை 1940-களில் அமெரிக்காவில் புற்றுநோய்க்காக உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்! முடக்கு வாதத்துக்கு மிகக் குறைந்த அளவே போதும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தை வேண்டுமென்று இருப்பவர்களும் தொடவே கூடாது. முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ரத்தத்தையும் ஈரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது.

மன்னி ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். தினசரிக் காலண்டரில் ஞாயிறுகளை எல்லாம் அண்ணாவே நீலப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். நாலாவது மாதம் ஒரு காலையில் நான் போயிருந்தபோது மன்னி ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கின்றன. அவை நிமிராது என்று சொல்லிவிட்டார்கள். மோதிரத்தை ஒட்ட வைத்து, பெரிசாக்கித் தரும்படி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறாராம்.