வானத்து ஆர்.டி.ஓ.வுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்?

நம்ம ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. நேரே பஸ் முதலாளியிடம் போய், "உங்க டிரைவர்ல ரெண்டு பேரைக் கொஞ்ச நாளைக்கு அனுப்புங்க சார். அவங்களை வெச்சே பஸ்ஸையெல்லாம் செக் பண்ணிக்கறோம்" என்று கேட்டால் எப்படி இருக்கும்? சிரிக்காதீர்கள். விமான விஷயத்தில் நாம் வருஷக்கணக்காகச் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

டில்லி சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிற டி.ஜி.சி.ஏ.தான் வானத்து ஆர்.டி.ஓ. பைலட்டுக்கு லைசென்ஸ், விமானத்துக்குத் தகுதிச் சான்று, கம்பெனிக்கு பர்மிட் எல்லாம் அங்கேதான். பைலட்டைச் சோதிக்க அவரைவிட அனுபவம் உள்ள பைலட் வேண்டுமே! சர்க்கார் சம்பளத்துக்கு அவர் எங்கே வரப்போகிறார்? ஆகவே கம்பெனிகளிடமே ஆள் இரவல்.

2014 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. இந்தியாவை இரண்டாம் வகுப்புக்கு இறக்கியது. மார்க் குறைந்தது விமானங்களுக்கு அல்ல, அவற்றைக் கண்காணிக்கும் ஆபீஸுக்கு! பயிற்சி பெற்ற இன்ஸ்பெக்டர்கள் போதாது என்பது முக்கியமான புகார். ஏர் இந்தியாவும் ஜெட் ஏர்வேஸும் அமெரிக்காவுக்குப் புது சர்வீஸ் விட முடியாமல் கையைப் பிசைந்தன. அவசர அவசரமாக ஆள் எடுத்து, 2015 ஏப்ரலில்தான் பழைய மார்க்கை மீட்டோம்.

சிக்கல் கஜானாவில் இருக்கிறது. டி.ஜி.சி.ஏ. வசூலிக்கும் கட்டணமெல்லாம் சர்க்கார் கணக்குக்குப் போய்விடும். செலவுக்கு அமைச்சகம் ஒதுக்குவதுதான். நிரந்தர அதிகாரி வேண்டுமென்றால் யூ.பி.எஸ்.சி. க்யூவில் நிற்க வேண்டும்.

பிரிட்டனில் கதை வேறு. 1972-ல் தொடங்கிய சி.ஏ.ஏ., ஏர்லைன்ஸ், விமான நிலையங்களிடம் கட்டணம் வாங்கித்தான் பெரும்பாலும் காலட்சேபம் நடத்துகிறது. 'படியளக்கிறவனையே அதட்ட முடியுமா?' என்கிறீர்களா? நியாயமான சந்தேகம்தான். ஆனால் கட்டண விகிதம் முன்கூட்டியே அச்சாகிவிடும்; பேரம் கிடையாது. தலைவரை நியமிப்பது மந்திரி, ஏர்லைன்ஸ் அல்ல.

இங்கேயும் சொந்த நிதியோடு ஓர் ஆணையம் அமைக்க 2013-ல் மக்களவைக்கு மசோதா வந்தது. அடுத்த வருஷம் சபை கலைந்தது, மசோதாவும் காலாவதி. 2020-ல் டி.ஜி.சி.ஏ.வுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள். 1934 சட்டத்தைத் தூக்கிவிட்டு 2025 ஜனவரி 1 முதல் புதுச் சட்டமும் வந்தாயிற்று. கடிவாளம் மட்டும் மத்திய சர்க்கார் கையிலேயே. என்னைக் கேட்டால், சட்டப் புத்தகத்துக்கு அட்டை மாற்றியதைவிட முதலில் பர்ஸைக் கொடுத்திருக்கலாம்.

ஆமதாபாத் விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் கமிட்டி ஒரு கணக்குச் சொன்னது. (விபத்துக்கும் இதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை.) டி.ஜி.சி.ஏ.வில் அனுமதித்த பதவிகள் 1,063. ஆள் இருப்பது 553. யூ.பி.எஸ்.சி.யை நம்பிக் காத்திராமல் ஆள் எடுக்கிற அதிகாரத்தையும் நிதிச் சுதந்திரத்தையும் கொடுங்கள் என்று கமிட்டி கேட்டிருக்கிறது. அப்போது எண்ணிப் பார்த்ததில் காலி நாற்காலிகள் 510.